அம்மா படிக்கச் சொன்ன பக்கம்

சைகோனில் என்னோடு பூசைக்கு வந்து, என்னோடு மழையில் நனைந்து, இன்று காரைக்காலிலும் புதுச்சேரியிலும் தலை நரைத்து உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் வந்து, வீட்டில் வேதம் வாசிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம், ஆத்துமம் வளர எது நல்லது என்று கேட்கிறார்கள். நீங்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறீர்கள். நான் மட்டும் செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொள்கிறேன். எங்கள் வீட்டில் புத்தகம் தேர்ந்தெடுத்த ஒரு மழைக்காலம் அப்போது என் முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

எங்கள் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்பக்கம் புளியமரங்கள் நின்ற தெரு. பின்பக்கம் ஆளுயரச் சுவர். சுவருக்கு அந்தப் புறம் தரங்கம்பாடிக்காரர் ஒருவர் தனியாகக் குடியிருந்தார். செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதினார். அப்பாவுக்குத் துறைமுகச் சுங்கத்தில் குமாஸ்தா வேலை. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டு அவர் கிளம்பும்போது, மீன்கூடை தூக்கிப் போகிற அந்த ஊர் அன்னாமியப் பெண்கள்கூட ஒதுங்கி வழி விடுவார்கள். மேலதிகாரியின் கையெழுத்தில்லாமல் அப்பா ஒரு சாதிக்காய்ப் பெட்டியைக்கூடத் துறைமுகத்துக்கு வெளியே விட்டதில்லை என்று அவரைத் தெரிந்தவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

நம்மவர்களுக்கான புத்தகங்கள் புதுச்சேரி அச்சுக்கூடத்திலிருந்து தபால் கப்பலில் வரும். அப்பாதான் எடுத்து வருவார். எண்ணெய்த் துணியைப் பிரித்தால் பசையும் கப்பலின் புழுக்கமும் கலந்த வாசனை. தாள்கள் மடித்த மடிப்பு மடித்தபடியே, வெட்டாமல் இருக்கும். அடுப்படிக் கத்தியால் ஒவ்வொரு மடிப்பாக அறுத்துக்கொண்டே படிக்க வேண்டும். மழை மாதங்களில் அட்டையில் சாம்பல் பூத்தாற்போலப் பூஞ்சணம் வந்துவிடும். அம்மா கரி அடுப்புக்குப் பக்கத்தில் அவற்றைப் பிஞ்சுக் குழந்தைக்குக் குளிர் காட்டாமல் வைப்பதுபோல அடுக்கி வைப்பாள்.

ஆனால் எந்தப் புத்தகம் யாருக்கு என்று சொல்வது, கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். ஞாயிறு மத்தியானம் எங்கள் கூடத்தில் பெண்கள் கூடுவார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். ஞான வாசகம் என்று அதற்குப் பெயர். உபதேசியார் புதுப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பிஷப்பான மேற்றிராணியாரின் அனுமதி அச்சடித்த தாளைத் தேடி அதன்மேல் விரலை வைப்பார். அந்தத் தாள் இல்லாத புத்தகம் அவர் கையில் நிற்காது. பிறகு நாட்டு வைத்தியர் சூரணம் கொடுக்கிற மாதிரி, அவரவர் குணம் பார்த்து விநியோகம் நடக்கும். கோபக்காரருக்கு ஒன்று, பகட்டுக்காரருக்கு ஒன்று.

ஒருமுறை, எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் பால்காரம்மாவிடம் ஒன்றை நீட்டி, "உங்களுக்கு இது. மௌனத்தின் பேரில் தியானம்" என்றார்.

"நான் மௌனமாயிட்டா மாடு எங்க நிக்குதுன்னு யாரு கூப்புட்டுக் கேக்கறது, உபதேசியாரே? இத எங்க வூட்டுக்காரருக்குக் குடுங்க. அவரு ஏற்கெனவே பாதி தூரம் போயிட்டாரு."

"சிரிப்பு வேண்டாம். உங்க ஆத்துமத்துக்குத்தான் சொல்றேன்."

"எடுத்துக்கறேன். எடுத்துக்கறேன். படிக்கத் தெரியாதவளுக்கு எது குடுத்தா என்ன?"

கூடமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அது அந்த மழைக்காலத்துக்கு முந்தின வருஷம்.

முழு வேதாகமம் நம் வீடுகளில் இருந்ததில்லை. சுவிசேஷம் இருக்கும், அதுவும் அடிக்குறிப்போடு. பிள்ளைகளுக்குச் சுருக்கிய வேத சரித்திரம் இருக்கும். ஆதி முதல் அந்தம் வரை சாதாரண ஜனங்கள் வாசிப்பது பதிதர் வழக்கம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நம் சபையை விட்டுப் பிரிந்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். சுவருக்கு அந்தப் புறத்துத் தரங்கம்பாடிக்காரர் அந்தச் சபைதான். விடியற்காலையில் காப்பி கொதிக்கிற நேரத்தில் அவர் ஓர் அதிகாரத்தை உரத்து வாசிப்பார். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று. நல்லது, கெட்டது, வம்ச வரிசை, சண்டை எதையும் அவர் தாண்டிப் போனதில்லை. "ராகமும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஏலம் போடற மாதிரி" என்பார் அப்பா.

அந்த வருஷம் முதல் மழை பிடித்த வாரத்தில் எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். வலி கண்டதும் பால்காரம்மாவை அழைத்துவர என்னை அனுப்பினார்கள். நாங்கள் நனைந்துகொண்டு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. நடந்தது என்னவென்று, பிற்பாடு அம்மா பால்காரம்மாவிடம் சொல்லி அழுதபோதுதான் தெரிந்தது.

குழந்தை நீலம் பாய்ந்து பிறந்திருக்கிறது. அன்னாமிய மருத்துவச்சி தலைகீழாய்ப் பிடித்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டாள். மூச்சு மட்டும் நூல்போல இருந்தது. "என்னங்க, தண்ணி ஊத்துங்க. பேரு சொல்லி ஊத்துங்க" என்றாள் அம்மா. ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகம் படித்த நமக்கெல்லாம் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். செம்பு கையில் இருந்தது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, "சாமியாரக் கூட்டியாரேன்" என்று கொட்டுகிற மழையில் ஓடினார்.

அதை அலட்சியம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அது மரியாதை. கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர் என்று வாழ்நாளெல்லாம் பழகிய மனிதர் அவர். சாமியார் அங்கி முழங்கால்வரை சேறாக வந்து சேர்ந்தார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அப்பா தான் கீழே வைத்த செம்பைப் பார்த்தார்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலோரம், புல் மண்டிய ஒரு துண்டு நிலம் அதற்கென்று இருந்தது. அப்பா சின்னப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனார். சிலுவை கிடையாது, பெயர் கிடையாது.

அம்மா இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து தலைக்குக் குளித்தாள், சோறு வடித்தாள், எங்களுக்குப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். துக்கம் கேட்க வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்நெஞ்சு என்ற சொல் அன்று எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போய் ஊரெல்லாம் சுற்றியது.

"உனக்கு எப்புடி சோறு எறங்குது?" என்று அப்பாவே கேட்டார்.

"பசிச்சுதுங்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் அப்பா புத்தகம் தேட ஆரம்பித்தார். உபதேசியாரின் வார்த்தைக்குக் காத்திராமல் அவரே தேர்ந்தெடுத்தார். கப்பல்தோறும் ஒன்றிரண்டு வந்தன. நல்ல மரணத்துக்கு ஆயத்தம், கடைசித் தீர்வை, மனஸ்தாபம், செய்யாமல் விட்ட கடமைகள். "அம்மாவுக்கு ஆறுதலா இருக்கும்டா தம்பி" என்று சொல்லிக்கொண்டே தாள்களை அறுப்பார். ஞாயிறுகளில் அவரே உட்கார்ந்து வாசிக்கவும் தொடங்கினார். நரகத்து நெருப்பும் புழுவும் வருகிற இடங்களில் அவர் குரல் நடுங்கும். அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

என் வயதுக்காரர்களே, எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது. அந்தப் புத்தகங்களில் ஒன்றுகூட அம்மாவுக்காக வாங்கியதில்லை. தனக்கு வேண்டிய மருந்தை அவர் அவள் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். தனக்கென்று வாங்கினால் எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருநாள் அம்மா கேட்டாள். "இதுல எதுலயாச்சும், தண்ணி ஊத்தாமப் போன குழந்தைங்களப் பத்தி எழுதியிருக்குங்களா?"

அப்பா தாள்களைப் புரட்டினார். "அதான் நமக்குத் தெரிஞ்சதாச்சே. அதுங்களுக்குத் தனி எடம். நோவு கெடையாது. ஆனா ஆண்டவரப் பாக்க முடியாது."

"அங்க யாரு தூக்கி வெச்சுக்குவா?"

அப்பா கத்தியை எடுத்து அடுத்த மடிப்பை அறுக்கத் தொடங்கினார்.

மழை விட்ட ஒரு விடியற்காலையில் அம்மா அடுப்படியில் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கையில் விசிறியோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் புறம் தரங்கம்பாடிக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு ராசா செய்த தப்புக்காக அவருடைய குழந்தை நோயில் கிடக்கிறது. ராசா சாப்பிடாமல் தரையில் விழுந்து கிடந்து மன்றாடுகிறார். ஏழாம் நாள் குழந்தை செத்துப்போகிறது. சொல்ல எல்லோரும் பயப்படுகிறார்கள். ராசாவோ எழுந்து குளித்து, உடை மாற்றி, கோயிலுக்குப் போய்வந்து, சாப்பாடு கொண்டுவரச் சொல்கிறார். இது என்ன என்று கேட்டவர்களிடம், இனி அது என்னிடம் வரப்போவதில்லை, நான்தான் அதனிடம் போவேன் என்கிறார்.

அம்மா விசிறியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மறுநாளும் போய் நின்றாள். ஆனால் மறுநாள் வேறு கதை. அம்மா சுவரை எட்டி, "அண்ணே, அந்தக் குழந்தையப் பத்தி அப்புறம் வருமா?" என்று கேட்டாள்.

தாள் புரளும் சத்தம் கேட்டது. "இல்ல தங்கச்சி. அதோட முடிஞ்சு போச்சு" என்றார் அவர். பிறகு, "வேணும்னா புத்தகத்தத் தரேன். அந்த எடத்த வெச்சிருந்து திரும்பத் திரும்பப் படிக்கலாம்" என்றார். சுவருக்கு மேலாகக் கறுப்பு அட்டை போட்ட ஒரு கனத்த புத்தகம் வந்தது. அதன் பிறகும் அம்மா சுவரோரம் நின்று அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மா காரைக்காலில் கன்னியர் மடத்துப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியவள். ஒரு வரிக்கு ஒரு நேரம் ஆகும். அதை அவள் ஒளித்து வைக்கவில்லை. மாதா படத்துக்குக் கீழே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தாள். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் பார்த்துவிட்டார்.

"இது யாருது?"

"பின் வூட்டு அண்ணனோடது."

"பதிதர் புத்தகத்தக் கொண்டாந்து மாதா காலடியிலயா வெக்கற?"

"ஒரு பக்கங்க. அந்த ஒரு பக்கத்த மட்டும் நீங்க படிங்க. அப்புறம் குடுத்துடலாம்."

"நான் எதுக்குப் படிக்கணும்?"

"உங்களுக்காகத்தாங்க சொல்றேன்."

அப்பாவின் முகம் மாறியது. அன்று அவர் கோபப்பட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பயந்திருக்கிறார். புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, சாப்பிடாமலே உபதேசியாரிடம் போனார். உபதேசியார் முதல் தாள்களைப் புரட்டிப் பார்த்து, அனுமதி இல்லை என்று மூடிவிட்டார். அதற்குமேல் ஒரு பக்கமும் திறக்கவில்லை. சாயங்காலம் அப்பா அதைத் தரங்கம்பாடிக்காரர் வீட்டு வாசலிலேயே நின்று திருப்பிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து சுவருக்கு அந்தப் புறம் சன்னல் சாத்தியிருந்தது. அவர் வாசித்தார், முணுமுணுப்பு கேட்டது, ஆனால் சொல் எதுவும் பிடிபடவில்லை. எங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம். அம்மா சில நாள் விடியலில் போய் நின்றுவிட்டு வந்தாள். பிறகு போகவில்லை.

அடுத்த ஞாயிறு கூடம் நிறைந்திருந்தது. நெரிசலும் ஈரத்துணி வாடையும். அப்பா தீர்வை நாளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் அம்மா, "உபதேசியாரே, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். அந்தக் கூட்டத்தில் அம்மா வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"கேளுங்க."

"வேதத்துல ஒரு ராசா. அவரு புள்ள ஏழாம் நாளே போயிடுச்சு. நமக்கு ஞானஸ்நானம் மாதிரி அந்த ஜனங்களுக்கு எட்டாம் நாள்தான் சடங்காம், பின் வூட்டு அண்ணன் சொன்னாரு. அப்ப அதுக்கும் ஒண்ணும் செய்யாமத்தான் போயிருக்கு. அந்த ராசா, நான் அதுகிட்ட போவேன்னு சொல்றாரு. எங்க போவேன்னு சொல்றாரு?"

உபதேசியார் விபூதிப் புதனன்று சாம்பல் பூசினவர்போல ஆகிவிட்டார். "அது ராசாவோட சங்கதி. நம்ம மாதிரி ஏழை ஆத்துமங்களுக்கு அது தேவையில்ல" என்றார்.

"அவரும் எந்திரிச்சுக் குளிச்சுச் சாப்புட்டாரு. அவர யாரும் கல்நெஞ்சுன்னு எழுதி வெக்கல." அம்மா குரலை உயர்த்தவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். "தப்பு செஞ்சது அவருதாங்க, அந்தக் கதையில. ஆனா அவரும் அந்தக் குழந்தைகிட்ட போவலாம்னு இருக்கு. அதத்தான் படிக்கச் சொன்னேன்."

பால்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்பா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். உபதேசியார் ஒரு செபத்தைச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அதன் பிறகு ஞான வாசகம் வேறு வீட்டுக்கு மாறிப்போனது. எங்களை அழைக்க யாரும் வரவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மா உருகிப்போனாள். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. பிறந்த ஊர்க் காற்றுப் பட்டால் தேறும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமா வந்து காரைக்காலுக்கு அழைத்துப் போனார். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அப்பா என்னை நிறுத்திக்கொண்டார். துறைமுகத்தில் அம்மா என் காதில், "அப்பா சாப்புடறாரான்னு பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். கப்பல் ஆற்று வளைவில் திரும்புகிறவரை அப்பா தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாரத்துக்கெல்லாம் அப்பா உபதேசியாரிடம் போனார். என்னையும் கூட்டிப் போனார். "நம்ம சபை அனுமதியோட முழு வேதம் தமிழ்ல இருக்குங்களா?" என்று கேட்டார். இருக்கிறது, பெரிய பெரிய பாகங்கள், சாமியார்களுக்கானது என்றார் உபதேசியார். "வரவழைச்சுக் குடுங்க" என்றார் அப்பா. அந்த ராசா எந்தப் பாகத்தில் வருகிறார் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்று நினைக்கிறேன்.

வந்தது முதல் பாகம். அப்பா அதைச் சுங்கத்திலிருந்து தன் கையாலேயே எடுத்து வந்தார். விளக்கு வைத்ததும் நாங்கள் இரண்டு பேரும் உட்காருவோம். அவர் தாளை அறுத்து அறுத்து வாசிப்பார். ஒளி உண்டானது, வெள்ளம் வந்தது, ஜனங்கள் எகிப்துக்குப் போனார்கள். வம்ச வரிசையைக்கூட விடாமல் வாசித்தார், அதற்குள் அந்தக் குழந்தை இருந்துவிடுமோ என்று. தரங்கம்பாடிக்காரர் வாசிப்பை ஏலம் என்று சொன்ன அதே மனிதர்.

"ராசா இன்னும் வரலையாப்பா?" என்று கேட்பேன்.

"வருவாரு. படிச்சாத்தானே வருவாரு."

அந்தப் பாகம், ஜனங்களை எகிப்திலிருந்து மீட்டு வந்த மோயீசன் மலைமேல் சாவதோடு முடிந்துவிட்டது. ஜனங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள். ராசா பிறக்கவே இல்லை. அப்பா கடைசித் தாளுக்குப் பிறகும் விரலால் தடவிப் பார்த்தார், ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. அடுத்த பாகத்துக்கு எழுதிப்போட்டார். வந்து சேர மாதங்கள் ஆகும் என்றார்கள். இப்போது அந்தப் புத்தகங்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. நாங்கள் சீனர்கள் இருந்த சோலோன் பக்கம் குடிபோனபோது கறையானுக்குப் போயிருக்கலாம்.

வெயில் ஏறிய ஒரு நாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அப்பா கூடத்தில் கோட்டுகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. முழங்காலில் ஒரு தந்தி இருந்தது.

"அம்மா போயிட்டாடா, தம்பி" என்றார்.

நான் அழுதேனா என்று நினைவில்லை. வெளியே ரொட்டி விற்கிறவள் கூவிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அப்பா எழுந்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கோயிலுக்குப் போகிறோம் என்று நினைத்தேன். சந்தின் முனையைச் சுற்றிக்கொண்டு, பின் வீட்டு முன்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

தரங்கம்பாடிக்காரர் பனியனோடு வந்து திறந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, அந்த ராசாவோட குழந்தை கதை," என்றார் அப்பா. "எனக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டணும்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "உள்ள வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்காரவில்லை. தரங்கம்பாடிக்காரர் தேடாமலே பக்கத்தைத் திறந்து, அவசரப்படாமல், ராகமில்லாமல் வாசித்தார். ராசா எழுந்து குளிக்கிற இடத்தில் அப்பா என் கையை விட்டுவிட்டார். நான் அதனிடம் போவேன் என்ற இடம் வந்து, முடிந்தது. வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதத்தான் படிக்கச் சொன்னாளா?" என்றார் அப்பா.

"இதத்தாங்க. புத்தகம் வாங்குன அன்னைக்குச் சுவத்தோரம் நின்னு சொன்னாங்க. இத அவரு ஒரு தடவ படிச்சிட்டாப் போதும்ணே, அவரு மனசு ஆறிடும், என்கிட்டயும் மூஞ்சி குடுத்துப் பேசுவாருன்னு." அவர் முகம் மலர்ந்திருந்தது. "இன்னைக்கே காரைக்காலுக்கு ஒரு கடுதாசி போடுங்க, படிச்சாச்சுன்னு. எவ்வளவு சந்தோஷப்படுவாங்க தெரியுமா?"

நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன்.

"போடுறேங்க" என்றார் அப்பா.